ஆளுக்கு ஒரு கம்பளி

அந்த வார்டு சுகாதார அலுவலகத்தில் இருபத்தொன்பது வருஷமாகக் குமாஸ்தாவாக இருந்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பணிப்பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்றபடி ஆபீசிலும் தெருவிலும் அவர் நகலய்யாதான். மனிதர் எதையும் புதிதாக எழுதமாட்டார். கொசு ஒழிப்புக்கு அறிவிப்பு வேண்டுமென்றால் நாய்க்கடி அறிவிப்பை எடுத்து, நாயைத் தூக்கிவிட்டுக் கொசுவைப் போடுவார். நாய்க்கடிக்கு வேண்டுமென்றால் கொசுவைத் தூக்குவார். ஈயடிச்சான் காப்பி என்று யாராவது கிண்டல் செய்தால் அவருக்குக் கோபமே வராது.

"புதுசா எழுதினா புதுத் தப்பு வரும். பழசுல இருக்கறது ஏற்கெனவே மேலிடம் ஒத்துக்கிட்ட தப்பு" என்பார். சும்மா சொல்லக்கூடாது, இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கொள்கை அவரைக் காப்பாற்றித்தான் வந்தது.

அந்த வருஷம் வெயில் வேறு மாதிரி வந்தது. ஐந்து நாளாக உச்சி வெயில் நாற்பத்துநான்கு டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பக்கத்து வார்டில் மொட்டைமாடி அறையில் தனியாக இருந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனது இரண்டு நாள் கழித்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அது பத்திரிகையில் வந்த பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. மறுநாள் காலைக்குள் ஒவ்வொரு வார்டிலும் ஒரு குளிர் மையம் திறந்தாக வேண்டும், வயதானவர்களும் நோயாளிகளும் பகலில் அங்கே வந்து இருக்கலாம், ஒரு நர்சும் ஒரு ஆம்புலன்சும் கூடவே நிற்கும் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். வந்து சேர்ந்தபோது மாலை நாலரை மணி.

அலுவலகத்தின் தலைமை ஒரு டாக்டரம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு காதுக்கும் இரண்டு போன், மேஜைமேல் மூன்றாவது. அவர் ஒரு போனைக் கையால் பொத்திக்கொண்டு நகலய்யாவைக் கூப்பிட்டார்.

"ஆறு மணிக்கு அச்சகம் மூடிடுவாங்க. அதுக்குள்ள நோட்டீஸ் வேணும். முடியுமா?"

"முன்மாதிரி இருக்கும்மா" என்றார் நகலய்யா.

இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் வெள்ளம் வந்தபோது இதே அலுவலகத்தின் கூட்ட அரங்கில் நிவாரண முகாம் நடந்தது. அந்தக் கோப்பு தூசியோடு கிடைத்தது. மின்சாரம் போய் மின்விசிறி நின்றிருந்தது, வியர்வை சொட்டிக் காகிதம் ஊறியது, அச்சகக்காரன் இரண்டு முறை போன் செய்துவிட்டான். நகலய்யா வெள்ளம் வருகிற இடத்தையெல்லாம் வெட்டி வெப்பம் என்று ஒட்டினார். டாக்டரம்மா போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நகலய்யா எழுதியதை யாரும் படித்துப் பார்ப்பது வழக்கமில்லை. அவரே படிப்பதில்லை.

விடிந்தபோது வார்டு முழுக்க நானூறு சுவரொட்டி. தலைப்பு அருமையாகத்தான் இருந்தது. அதன் கீழே நிபந்தனைகள்: வீடிழந்தோருக்கு மட்டுமே அனுமதி. ஆளுக்கு ஒரு கம்பளி கொண்டுவர வேண்டும். சேறு படிந்த காலணிகளை வெளியே விட வேண்டும். தாராளமாக வெந்நீர் வழங்கப்படும். மதியம் ஒன்று முதல் இரண்டரை வரை அரங்கைக் கழுவுவதற்காக மையம் மூடப்படும்.

ஊர் சிரித்தது. அந்த வெயிலிலும் வாய்விட்டுச் சிரித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்து நிறுத்தத்தில் சிரித்தார்கள், தண்ணீர்க் குழாயடியில் சிரித்தார்கள். நகலய்யா ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கம்பளி வரியை அடித்தார். அடித்த பிறகுதான், அப்படி என்னதான் எழுதியிருந்தது என்று இதுவரை படிக்காதவர்களும் நின்று உற்றுப் படித்தார்கள்.

அவரைப் பெற்ற தாய்போல வளர்த்த அக்கா ஒருத்தி இருந்தாள். எட்டு வயது மூத்தவள், தையல்காரி. அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் ஐந்தாவது மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். "எங்கூடவே வந்துடுக்கா" என்று இவர் கேட்காத வருஷமில்லை. "உன் வீட்ல என் மெஷினு சத்தம் போட்டா உன் பெண்டாட்டி மூஞ்சி சத்தம் போடும்" என்று அவள் சொல்லாத வருஷமும் இல்லை. அவளுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. போன மாதம்தான் கால் வீங்கியிருந்தது. குளிர் மையம் என்றதுமே இவர் மனதில் முதலில் வந்து உட்கார்ந்த ஆள் அவள்தான்.

அன்று காலை வழக்கம்போல் போன் செய்தார்.

"மையம் திறந்தாச்சுக்கா. மூணு நிமிஷ நடை. வந்து உட்காரு."

"எனக்கு வீடு இருக்குடா. வீடிழந்தவன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்து உட்காரச் சொல்றியா?"

"அது தப்பா வந்துருச்சு."

"கம்பளி?"

"அதுவும் தப்புதான்."

"நாப்பத்துநாலு டிகிரில கம்பளி கேட்ட முதல் அரசாங்கம் உன்னோடதுதான் தம்பி. சின்ன வயசுல கணக்குப் பரீட்சைல பக்கத்துப் பையனப் பாத்து எழுதி, அவன் பேரையும் சேத்து எழுதிட்டு வந்தியே, அப்பவே உனக்கு ரெண்டு வச்சிருக்கணும்."

"அக்கா, வெளையாடாத. வா."

"பாக்கலாம். தைக்கக் குடுத்தவங்க வாசல்ல நிக்கறாங்க."

முதல் நாள் மையத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் தண்ணீர் வரி எங்கே கட்டுவது என்று கேட்க வந்தவர்கள். இரண்டாம் நாள் நான்கு பேர். பெரிய அரங்கு, வரிசையாக நூறு நாற்காலி, ஈ காக்கை இல்லை. மாமன்ற உறுப்பினர்களுக்காகப் போட்ட குளிர்சாதனம் பதினாறு டிகிரியில் உறுமிக்கொண்டிருந்தது. அதன் ரிமோட் தொலைந்து இரண்டு வருஷமாகிறது, கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. நர்ஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் டாக்டரம்மா நகலய்யாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூன்று போனும் அமைதியாக இருந்தன.

"புது நோட்டீஸ் போடலாமான்னு மேலிடத்துல கேட்டேன். திருத்தத்துக்கு மறுபடி அனுமதி வாங்கணுமாம். ஒன்பது நாள் ஆகும்."

"ஒன்பது நாள்ல வெயிலே போயிடும்மா."

"அதுமட்டும் இல்ல. நாளைக்கு மதியத்துக்குள்ள அம்பது பேர் வரலேன்னா இங்க தேவை இல்லைன்னு எழுதிட்டு நர்சையும் ஆம்புலன்சையும் வேற வார்டுக்கு மாத்திடுவாங்க. மையத்த மூடிடணும்." அவர் மேஜைமேல் இருந்த நோட்டீஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்க மேல மட்டும் தப்பு இல்லய்யா. நானும் படிக்காமதான் கையெழுத்துப் போட்டேன்."

திட்டியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அடுத்த மையம் நான்கு மைல் தள்ளி. அக்கா அந்த வெயிலில் பேருந்து ஏறி அங்கே போவாள் என்பதெல்லாம் நடக்கிற கதையில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் போன் செய்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஐம்பது பேர் கணக்கு, மதியக் கெடு, எல்லாம்.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "போய்ச் சாப்பிட்டுத் தூங்கு."

மூன்றாம் நாள். பதினொரு மணிக்கு வந்தவர்கள் மூன்று பேர். பதினொன்றரைக்கும் அதே மூன்று பேர். நகலய்யா பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இல்லாத பெயர்களை நிரப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தார். இருபத்தொன்பது வருஷத்தில் அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை. உடனே பேனாவை மூடி வைத்தார்.

பன்னிரண்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெளியே கூச்சல் கேட்டது. நகலய்யா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அடுத்த தெருவே எழுந்து வந்துகொண்டிருந்தது. தோளில் கம்பளி, தலையில் கம்பளி, இடுப்பில் கம்பளி. கம்பளி இல்லாதவர்கள் ஜமுக்காளம். ஒரு அம்மா கதவுத் திரைச்சீலையைக் கழற்றி மடித்து எடுத்து வந்திருந்தாள். எல்லோருக்கும் முன்னால் அக்காவின் கட்டிடத்துக் கீழ்த்தளத்தில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் ஆள். ஊரிலேயே அதிகச் சூட்டில் நிற்கிறவர் அவர்தான், அவர் தலையில்தான் இருப்பதிலேயே கனமான கம்பளி.

"அரசாங்கம் கேட்டுச்சு, கொண்டாந்துட்டோம்" என்றார் இஸ்திரிக்காரர். "வெந்நீர் எங்க?"

பின்னாலிருந்தவர்கள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். நகலய்யாவுக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் கதவை அகலத் திறந்துவிட்டார். கேலி செய்ய வந்தவர்கள் கேலி செய்துகொண்டே உள்ளே வந்தார்கள். ஐந்தடி வைத்ததும் பேச்சு நின்றது. ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ சாமி" என்று நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இன்னொருவர். ஒரு கர்ப்பிணிப் பெண் காலை நீட்டிக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். கால் மணி நேரத்தில் பதினாறு டிகிரி தன் வேலையைக் காட்ட, தமாஷுக்கு எடுத்து வந்த கம்பளிகளை ஒவ்வொருவராகப் பிரித்துப் போர்த்திக்கொண்டார்கள்.

"நோட்டீஸ்ல தப்பே இல்லைய்யா" என்றது ஒரு கம்பளிக்குள்ளிருந்து வந்த குரல். "நாமதான் புரிஞ்சுக்கல."

"அப்ப வெந்நீரும் போடச் சொல்லு. குளிருது."

நர்ஸ் நிஜமாகவே வெந்நீர் வைக்கப் போனாள். எல்லோர் பெயரையும் பதிவேட்டில் எழுதி முடித்ததும் நகலய்யா எண்ணினார். எண்பத்து மூன்று. மறுபடி எண்ணினார். எண்பத்து மூன்றேதான். அவருக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது, வயது தடுத்தது. டாக்டரம்மா மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். போனில் மேலிடம்.

"ஆமா சார், எண்பத்து மூணு. ஆமா சார், எல்லாரும் கம்பளியோட. இல்ல சார், நான் நல்லாத்தான் இருக்கேன்."

அப்போதுதான் நகலய்யாவின் கண் வரிசை வரிசையாகத் தேடியது. கட்டிடமே வந்திருக்கிறது. அக்காவைக் காணோம்.

"எங்கக்கா எங்கய்யா?" என்று இஸ்திரிக்காரரைக் கேட்டார்.

"வரலியா இன்னும்? அவங்கதானே எங்களயெல்லாம் கிளப்பி விட்டதே. நேத்து ராத்திரி ஒவ்வொரு கதவா தட்டி, 'எந்தம்பி மானம் போகுது, நாளைக்கு எல்லாரும் கம்பளி எடுத்துட்டுப் போய் அவனக் கேலி பண்ணுங்க'ன்னாங்க. காலைல கூப்பிட்டேன். நாலு சட்டைக்குப் பட்டன் வச்சுட்டு வந்துடறேன்னாங்க."

ராத்திரி ஐந்து மாடி ஏறி இறங்கியிருக்கிறாள். அந்தக் காலோடு. நகலய்யா போன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு முறை அடித்தார். எடுக்கவில்லை.

மணி ஒன்று. கீழ்த்தளத்துக் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்றான். "ஐயா, கழுவற நேரம். பூட்டணும்ல?"

"பூட்டினா கையை ஒடிச்சுடுவேன்" என்றார் நகலய்யா. யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசாத மனிதர் அவர். சொல்லிவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

பின்னால் இஸ்திரிக்காரர், அவர் பின்னால் நர்ஸ், அவள் பின்னால் ஆம்புலன்சோடு அதன் டிரைவர். தார் ரோடு பாதத்தைச் சுட்டது அவருக்குத் தெரியவில்லை. ஐம்பத்தேழு வயதில் ஐந்து மாடி. மூன்றாவது மாடியில் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. ஒவ்வொரு மாடிக்கும் சூடு ஏறிக்கொண்டே போனது. இந்தக் கோடை முழுக்கத் தான் ஒருமுறைகூட இந்தப் படி ஏறவில்லை என்பது அப்போது உறைத்தது. தினமும் போன் செய்தார். தினமும் அவள் நன்றாக இருக்கிறேன் என்றாள். தினமும் அவர் அதை நம்பினார்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார், கத்தினார், பதில் இல்லை. இஸ்திரிக்காரர் அவரை விலக்கிவிட்டுத் தோளால் இரண்டு இடி இடித்தார். தாழ்ப்பாள் பிய்ந்து தெறித்தது. உள்ளே அடுப்பு வாயைத் திறந்தது போல் அனல். ஜன்னலில் தன் பழைய துணிகளை நனைத்துத் தொங்கவிட்டிருந்தாள், அவை காய்ந்து விறைத்திருந்தன. வாடிக்கையாளர்கள் கொடுத்த துணி ஒன்றுகூட நனையவில்லை. அக்கா மெஷினில் தலை சாய்த்துக் கிடந்தாள். உடம்பு கொதித்தது. கூப்பிட்டால் முனகினாள், கண் திறக்கவில்லை.

"மூச்சு இருக்கு. தூக்குங்க" என்றாள் நர்ஸ். குடத்துத் தண்ணீரை அக்காவின் தலையிலும் கழுத்திலும் ஊற்றினாள். நாற்காலியோடு அவளை மூன்று ஆண்களும் சுமந்து இறங்கினார்கள். தெருவில் ஆம்புலன்சுக்குள் ஏற்றி, சலைன் ஏற்றி, கக்கத்தில் ஐஸ் வைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி இருபது நிமிஷம். அதற்குள் ஓடி வந்து சேர்ந்த டாக்டரம்மாவும் கூடவே ஏறிக்கொண்டார். நகலய்யா அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வயதில் அம்மா போனபோதுகூட அவர் இவ்வளவு பயப்படவில்லை, அன்று பக்கத்தில் அக்கா இருந்தாள்.

பாதி வழியில் அவள் கண்ணைத் திறந்தாள். முதலில் கூரையைப் பார்த்தாள், பிறகு தம்பியை.

"எத்தன பேருடா வந்தாங்க?" குரல் காற்றாக வந்தது.

"எண்பத்து மூணுக்கா."

"கேலி பண்ணாங்களா?"

"நல்லா பண்ணாங்க."

"ம்" என்று திருப்தியோடு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு நகலய்யாவைப் பார்த்துத் தலையசைத்தார். போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. அவர் அழுதுகொண்டே சிரித்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல் ஹார்ன் அடித்தார்.

இரண்டு நாளில் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் கதை வேறு என்றார்கள். மையம் மூடப்படவில்லை. மூடுவது பற்றி மேலிடம் பிறகு பேச்சே எடுக்கவில்லை. மதியப் பூட்டும் ஒழிந்தது. நகலய்யா அன்று ஆபீசுக்கு வந்து, எந்தக் கோப்பையும் திறக்காமல், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வியர்த்தது. பிறகு எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

அவர் இந்தத் தடவை வாய்விட்டுப் படித்தார். "'மதியம் பன்னிரண்டு மணிக்கு உங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பதில் வந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். பதில் வராவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள், ஓடி வருகிறோம்.' இதுக்கு எது முன்மாதிரி?"

"இல்லம்மா" என்றார் நகலய்யா.

"மேலிடத்துல அனுமதி வாங்க ஒன்பது நாள் ஆகுமே."

"ஆகட்டும்மா. நான் கையாலயே எழுதி ஒட்டறேன். கையால எழுதினது நோட்டீஸ் ஆகாது, கடுதாசிதான்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஒரு பேனாவை எடுத்தார். "பாதிய எங்கிட்ட குடுங்க."

அன்று சாயங்காலம் நகலய்யா புதுத் தாழ்ப்பாள் ஒன்றும் நான்கு திருகாணியும் வாங்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறினார். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இஸ்திரிக்காரரின் மனைவி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நகலய்யா கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிய்ந்த மரத்தில் தாழ்ப்பாளை வைத்து அளவு பார்த்தார்.

"என்னடா அது?"

"தாழ்ப்பாள்க்கா. கதவு திறந்தே கிடக்கு பார்."

வாழ்நாள் முழுக்கத் தன் கதவைத் தானே சாத்தித் தானே திறந்தவள் அவள். படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"வேண்டாம் தம்பி" என்றாள். "சும்மா சாத்தியே இருக்கட்டும். தள்ளினா திறக்கற மாதிரி."